பேஸ் கித்தார் வாங்கும் முன்



ஓர் இசைக்குழு மேடையில் வாசிக்கத் தொடங்கியதும் பாடகரின் குரலையும் கீபோர்டின் ஒலியையும் நம் காது வாங்கிக்கொள்கிறது. அவற்றுக்கெல்லாம் அடியில் இன்னோர் ஒலி உண்டு. காதைத் தொடுவதற்கு முன்பே நெஞ்சைத் தொடுவதுபோல் இருக்கும் அது. மேடையின் ஓரத்தில், டிரம்ஸ் வாசிப்பவருக்குப் பக்கத்தில், அதிகம் ஆடாமல் நிற்கும் ஒருவரின் விரல்களிலிருந்து அந்த ஒலி பிறக்கிறது. அவர் கையில் இருப்பது நான்கு தடித்த கம்பிகளைக் கொண்ட பேஸ் கித்தார்.

இக்கருவியை விரும்பும் இளைஞர்கள் நாலு பேர் கூடிவிட்டால் பேச்சு எப்படிப் போகும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். எந்தக் கம்பெனியின் கித்தார் உயர்ந்தது, எந்தக் கம்பி நல்லது, எத்தனை வாட் ஆம்ப் வேண்டும், ஸ்பீக்கர் 10 அங்குலமா 15 அங்குலமா என்று விடிய விடியப் பேசுவார்கள். பக்கத்தில் இருக்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அந்தப் பேச்சில் விளங்குவது ஒன்றே ஒன்று: விலை. மகன் கேட்கிறான், தந்தை மறுக்கிறார், இரண்டு நாளைக்கு வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. சில வீடுகளில் தவணைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, தவணை முடியும் முன்பே கருவி மூலையில் சாய்ந்து கிடப்பதும் உண்டு. இந்தச் சங்கடம் வராமல் இருக்கவேண்டுமானால், அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது, அதில் எதற்குக் காசு போடவேண்டும், எதற்குப் போடத் தேவையில்லை என்பதைப் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்தே தெரிந்துகொள்வது நல்லது. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில், இக்கருவி எதற்காக உண்டானது என்று பார்ப்போம். மிருதங்கத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. வலந்தலையில் கணீர் என்ற ஒலி வருகிறது; தொப்பி என்று சொல்லும் இடப்பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்பி, கனத்த ஒலியை வரவழைக்கிறார்கள். தொப்பியின் ஒலி இல்லாவிட்டால் வலந்தலையின் ஒலி தனியே அந்தரத்தில் நிற்பதுபோல் இருக்கும். மேற்கத்திய இசையில் இந்த அடிநாதத்தை நெடுங்காலமாகத் தந்து வந்தது டபுள் பேஸ் என்னும் பெரிய கருவி. ஆள் உயரத்துக்கு நிற்கும் அதைத் தூக்கிச் செல்வது பெரும்பாடு. மற்ற வாத்தியங்கள் உரக்க ஒலிக்கும்போது அதன் சத்தம் அமுங்கியும் போகும். அதன் கழுத்தில் விரல் வைக்க வேண்டிய இடத்தைக் காட்டும் அடையாளமும் கிடையாது. இம்மி தவறினாலும் சுருதி விலகிவிடும்.

இந்தக் குறைகளைப் போக்க 1930-களிலேயே அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் மின்சாரத்தால் ஒலிக்கும் ஒரு சிறிய பேஸைச் செய்தார். ஆனால் அது பரவவில்லை. 1951-ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலத்தின் ஃபுல்லர்ட்டன் என்னும் ஊரில் லியோ ஃபெண்டர் என்பவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவிதான் உலகெங்கும் பரவியது. ஃபெண்டர் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது என்பது வியப்பான செய்தி. வாசிப்பவர்களின் குறைகளைக் காதுகொடுத்துக் கேட்டு, அதற்கேற்பச் செய்தார். வீணையில் மெட்டு என்கிறோம் அல்லவா, அதுபோன்ற 20 உலோகக் கட்டுகளைக் கருவியின் கழுத்தில் பதித்தார். இவற்றை ஃபிரெட் என்பார்கள். இவை இருப்பதால் சுரம் துல்லியமாக விழும். அதனாலேயே அக்கருவிக்குத் துல்லியம் என்று பொருள்படும் பிரிசிஷன் பேஸ் என்ற பெயர் வந்தது. கம்பி அதிரும் நீளம் 34 அங்குலம். இன்றைக்கும் பெரும்பாலான பேஸ் கித்தார்களின் அளவு அதுவேதான்.

இனி, ஒலி எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். கம்பிக்கு அடியில் பிக்கப் என்று ஒரு சிறு பாகம் இருக்கிறது. அதில் காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பியும் உண்டு. எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. அந்த அசைவு செப்புச் சுருளில் மிகச் சிறிய மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது. அது ஒயர் வழியாக ஆம்புக்குப் போய்ப் பெருகி, ஸ்பீக்கரைத் தள்ளி, காற்றை அசைக்கிறது. ஆக விரல், கம்பி, பிக்கப், ஒயர், ஆம்ப், ஸ்பீக்கர் என்று இது ஒரு சங்கிலி. சங்கிலியில் எந்தக் கண்ணி பலவீனமோ அங்கேதான் அறுபடும். மற்றக் கண்ணிகளைப் பொன்னால் செய்தாலும் பயனில்லை.

ஆர்வலர்கள் கருவியின் மரத்தைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுவார்கள். இந்த மரம் இனிமை, அந்த மரம் கனம் என்பார்கள். பிக்கப் நேராக உணர்வது உலோகக் கம்பியின் அசைவைத்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த வாதத்தில் நாம் மயங்கிப் போகமாட்டோம். கம்பியை மாற்றினால், ஸ்பீக்கரை மாற்றினால், விரலை மீட்டும் இடத்தைச் சற்று நகர்த்தினால் உண்டாகும் வித்தியாசம் சிறு பிள்ளைக்கும் கேட்கும். 1965-ஆம் ஆண்டு ஃபெண்டர் தம் கம்பெனியை விற்றுவிட்டார். அதற்கு முன் செய்யப்பட்ட கித்தார்களைப் பெரும் விலை கொடுத்து வாங்குவோர் இன்றும் இருக்கிறார்கள். பழம்பொருள் சேர்ப்பவர்களுக்கு அது மகிழ்ச்சி தரலாம். வாசிக்கக் கற்பவனுக்கு அது தேவையில்லை.

இதற்குச் சான்றாக இரண்டு பேரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

முதலாமவர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1936-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் பிறந்த கறுப்பினத்தவர். இளவயதில் டெட்ராய்ட் நகருக்கு வந்து, பள்ளியில் டபுள் பேஸ் பயின்றார். 1959-இல் அந்நகரில் தொடங்கப்பட்ட மோட்டவுன் என்னும் இசைத்தட்டு நிறுவனத்தின் பாடல்களுக்கு 1960-களில் பேஸ் வாசித்தவர்களில் முதன்மையானவர் அவரே. உலகமெல்லாம் அந்தப் பாடல்களைக் கேட்டு ஆடியது. அவரிடம் இருந்த கருவிகளை எண்ணினால் ஒரு கை விரல் போதும். அவர் பெரிதும் வாசித்தது 1962-ஆம் ஆண்டின் ஒரு பிரிசிஷன் பேஸ். வலக்கையில் அவர் பயன்படுத்தியது ஆட்காட்டி விரல் ஒன்றை மட்டுமே. தடித்த, வழவழப்பான தட்டைக் கம்பிகளைப் போட்டிருந்தார். அவை அறுந்தாலொழிய மாற்றமாட்டார். ஒலிப்பதிவின்போது பெரிய ஆம்புகளும் இல்லை; கித்தாரின் ஒயரை நேராகப் பதிவுக் கருவியோடு இணைத்துவிடுவார்கள். அவ்வளவுதான் அவருடைய சாமான்.

அந்தப் பாடல்களின் இசைத்தட்டுகளில் பாடகரின் பெயர் இருந்தது. ஜேமர்சனின் பெயர் இல்லை. 1971-இல் மார்வின் கே வெளியிட்ட இசைத்தட்டில்தான் அவர் பெயர் அச்சாகியது. 1983-இல், 47 வயதில், அவர் இறந்தார். 2000-ஆம் ஆண்டில் ராக் இசையின் புகழ்மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அடிப்படையாக நின்று உழைத்தவரை உலகம் பின்னால்தான் அறிந்துகொண்டது. இந்தக் கதை நம் மக்களுக்குப் புதியதன்று.

இரண்டாமவர் ஒரு பெண்மணி. கரோல் கே என்பது அவர் பெயர். 1935-இல் பிறந்த இவர் முதலில் சாதாரணக் கித்தார் வாசித்தவர். 1963-ஆம் ஆண்டளவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஓர் ஒலிப்பதிவுக்கு வரவேண்டிய பேஸ் வாசிப்பவர் வராமல் போக, அந்த இடத்தை இவர் நிரப்பினார். அதன்பின் அந்நகரின் ஒலிப்பதிவுக் கூடங்கள் இவரை விடவில்லை. இவரும் பிரிசிஷன் பேஸ்தான் வாசித்தார். ஆனால் விரலால் அல்ல, பிக் என்னும் சிறு தகட்டால் மீட்டினார். கம்பிகள் அதிகம் ரீங்கரிக்காமல் இருக்க, பிரிட்ஜ் அருகில் கம்பிகளின் மேல் ஒரு துண்டுக் கம்பளித் துணியை வைத்துக்கொள்வார். அந்தத் துணிக்கு என்ன விலை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரே வகைக் கருவி, இரண்டு கைகள், இரண்டு வேறு ஒலிகள். ஒலி வேறுபட்டது மீட்டிய கையாலும் சிறு சிறு உபாயங்களாலும் அன்றோ? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியையும் இங்கே குறிப்பிடலாம். 1961-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் அவர் வாங்கியது வயலின் வடிவம் கொண்ட ஹாஃப்னர் பேஸ். ஃபெண்டர் வாங்க அன்று அவரிடம் வசதியில்லை. கைக்கு எட்டிய விலையில் இருந்ததை வாங்கினார். இரண்டு பக்கமும் ஒரே வடிவமாக இருந்ததால் இடக்கையால் வாசிக்கும் அவருக்கு அது ஒத்துவந்தது. 1972-இல் திருடுபோன அந்தக் கருவி, அவரிடம் திரும்பி வந்துவிட்டது என்று 2024-இல் அறிவிக்கப்பட்டது. வாங்கும் சக்திக்குள் வாங்கிய கருவியோடுதான் அவர் உலகப் புகழ் பெற்றார்.

அப்படியானால் சாமான் எதுவாக இருந்தாலும் சரியா என்று நீங்கள் கேட்கலாம். அப்படியல்ல. இங்கேதான் ஆர்வலர்களின் பேச்சில் உண்மையும் இருக்கிறது. பேஸ் கித்தாரின் நான்கு கம்பிகளில் மிகத் தாழ்ந்தது நொடிக்கு ஏறத்தாழ 41 தடவை அதிர்கிறது. மற்றவை 55, 73, 98 தடவை. இவ்வளவு தாழ்ந்த ஒலியை உண்டாக்க ஸ்பீக்கர் ஏராளமான காற்றைத் தள்ளவேண்டும். கைப்பேசியில் பாட்டுக் கேட்டால் பேஸ் காணாமல் போவதற்குக் காரணம் இதுதான். அதன் சின்னஞ்சிறு ஸ்பீக்கரால் அந்தக் காற்றைத் தள்ள முடியாது. சாதாரணக் கித்தாருக்கென்று செய்த ஆம்பில் பேஸைச் செருகி உரக்க வாசித்தால் ஸ்பீக்கர் கிழிந்துபோகலாம். ஆகவே பேஸுக்கென்று செய்த ஆம்பே வேண்டும். இந்த ஒரு செலவு நியாயமானது.

ஆனால் எத்தனை வாட்? இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 50 வாட்டை விட 100 வாட் இரண்டு மடங்கு உரக்க ஒலிக்கும் என்று நினைக்கிறோம். வாட் இரண்டு மடங்கானால் ஒலி அளவு 3 டெசிபல்தான் கூடும். காதுக்குக் கொஞ்சம் கூடியதாகத் தெரியும், அவ்வளவே. காதுக்கு இரண்டு மடங்காகத் தெரியவேண்டுமானால் ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் வேண்டும். எனவே 50-ஐக் கொடுத்து 100-ஐ வாங்குவதைவிட நல்ல ஸ்பீக்கர் பெட்டி வாங்குவது மேல். 1969-இல் ஆம்பெக் கம்பெனி 300 வாட் ஆம்ப் ஒன்றைச் செய்தது. திறந்தவெளி மைதானங்களில் வாசிப்போருக்கு அது உதவியது. அதன் தலைப்பகுதி மட்டுமே 40 கிலோ அளவுக்குக் கனம். இன்று அதே வலு இரண்டு மூன்று கிலோ கனமுள்ள பெட்டியில் அடங்கிவிடுகிறது. வீட்டில் பழகுவதற்கோ மிகச் சிறிய ஆம்பும் ஒரு ஹெட்ஃபோனும் போதும்; அண்டை வீட்டாரும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

ஸ்பீக்கர் பெட்டிகளை இணைக்கும்போது ஓம் என்னும் அளவைக் கவனிக்கவேண்டும். ஆம்பின் பின்புறத்தில் குறைந்தது 4 ஓம் என்று போட்டிருந்தால், 8 ஓம் பெட்டிகள் இரண்டை இணையாக மாட்டலாம். சேர்ந்து 4 ஓம் ஆகும். நான்கை மாட்டினால் 2 ஓம் ஆகி ஆம்ப் சூடேறிக் கெட்டுப்போகும். ஆம்பிலிருந்து பெட்டிக்குப் போகும் ஒயரும் கித்தாரிலிருந்து ஆம்புக்கு வரும் ஒயரும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றலாம். உள்ளே வேறு வேறு. ஒன்றை மற்றொன்றுக்குப் பயன்படுத்தக்கூடாது.

அடுத்துச் சொல்லப்போவது பணத்தைப் பற்றியதன்று, உயிரைப் பற்றியது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 தடவை மாறுவது. பேஸின் தடித்த கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டில் எழும் சுரம் நொடிக்கு 49 அதிர்வு. ஆகவே மின்சாரத்தின் 'ம்ம்' என்ற இரைச்சல் பேஸின் ஒலியோடு எளிதில் கலந்துவிடும். அந்த இரைச்சலைப் போக்குவதற்காகச் சிலர் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை அறுத்துவிடுகிறார்கள், அல்லது எர்த் ஒயரைக் கழற்றி விடுகிறார்கள். இதைப்போல் அபாயமான செயல் வேறில்லை. கம்பியும் ஃபிரெட்டும் உலோகம். வாசிப்பவரின் விரல் எப்போதும் அதன்மேல். 1972-இல் வேல்ஸின் சுவான்சி நகரில் லெஸ் ஹார்வி என்ற கித்தார் கலைஞர், கையில் கித்தாரோடு, சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டபோது மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். அவருக்கு வயது 27. நம் கலைநிகழ்ச்சிகளோ பல சமயம் கூடாரத்தின் கீழ், மழை ஈரத்தில், தற்காலிகமாக இழுத்த ஒயரில் நடப்பவை. எர்த் முள்ளை அறுக்காதீர்கள். மின்கசிவு ஏற்பட்டால் தானே அணைந்துவிடும் சுவிட்ச் உள்ள இணைப்பையே பயன்படுத்துங்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று வாசிக்காதீர்கள். இரைச்சலை நீக்க வேறு வழிகள் உண்டு. 1957-இல் ஃபெண்டர் தம் பிரிசிஷன் பேஸில் இரண்டு துண்டுகளாகப் பிரித்த பிக்கப்பைப் பொருத்தினார். ஒரு துண்டில் வரும் இரைச்சலை மற்றது நீக்கிவிடும். இன்று விலை குறைந்த கருவிகள் பலவற்றிலும் இந்த அமைப்பு இருக்கிறது.

காதையும் காத்துக்கொள்ளவேண்டும். 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது நிபுணர்களின் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடந்தான். மேடையில் நிற்பவர்கள் காதடைப்பான் போட்டுக்கொள்வதில் வெட்கம் எதுவும் இல்லை. போன செவிப்புலன் திரும்பி வராது.

இப்போது, பழைய பேஸ் ஒன்றை வாங்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். என்னென்ன பார்க்கவேண்டும்?

முதலாவதாக, கழுத்தைப் பாருங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல் நீளவாக்கில் பாருங்கள். நேராகவோ மிகச் சிறிய வளைவோடோ இருந்தால் நல்லது, முறுக்கிக்கொண்டிருந்தால் வேண்டாம். கழுத்துக்குள் வளைவைச் சரிசெய்யும் ஓர் எஃகுத் தண்டு இருக்கிறது. அதன் திருகு சுழல்கிறதா என்று கேளுங்கள். அதைத் திருப்பும்போது ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்குமேல் திருப்பக்கூடாது.

இரண்டாவதாக, ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் அழுத்தி மீட்டிப் பாருங்கள். உலோகம் உரசும் சத்தமோ, ஒலிக்காத இடமோ இருக்கிறதா?

மூன்றாவதாக, கம்பியைத் திறந்து மீட்டி, பிறகு 12-வது ஃபிரெட்டில் மீட்டுங்கள். அது கம்பியின் சரிபாதி. அதே சுரம் மேல்ஸ்தாயியில் வரவேண்டும். சற்று விலகியிருந்தால் பிரிட்ஜில் திருகிச் சரிசெய்யலாம்.

நான்காவதாக, குமிழ்களைத் திருப்பிப் பாருங்கள். ஒயரை அசைத்துப் பாருங்கள். கரகரப்பு இருந்தால் சிறு செலவில் சரியாகும். விலை பேசும்போது அதைச் சொல்லலாம்.

இவை நான்கும் சரியாக இருந்தால், கம்பெனியின் பெயர் எதுவானாலும் அது நல்ல கருவிதான். மிச்சப்படும் பணத்தில் புதுக்கம்பி ஒரு செட் வாங்குங்கள். பளிச்சென்ற ஒலி வேண்டுமானால் சுருள்கம்பி. பழைய பாடல்களைப் போல் கனிந்த ஒலி வேண்டுமானால் தட்டைக்கம்பி. நம் நாட்டு வெக்கையில் வியர்வை பட்ட கம்பி சீக்கிரம் துருவேறும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வைப்பது பாதிப் பராமரிப்பு. வெயிலில் நிறுத்திய காருக்குள் கித்தாரை விட்டுவைக்கவேண்டாம்; மரம் வளைந்துவிடும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. 'டொம் டொம் என்று தட்டுவதற்கு இத்தனை காசா?' என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1976-இல் அன்னக்கிளி படத்தின் மூலம் அறிமுகமான இளையராஜாவின் பாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுள் பலவற்றில் பேஸ் கித்தார், பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டாகவே நடந்துபோகும். அடுத்த தடவை கேட்கும்போது குரலை விட்டுவிட்டு அந்த அடிநாதத்தை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். பிள்ளை எதைத் தேடுகிறான் என்பது விளங்கும். பேஸ் வாசிப்பதற்குத் தாளக்கட்டும் பொறுமையும் வேண்டும். தான் முன்னே நிற்காமல் மற்றவர்களைத் தாங்கி நிற்கும் மனமும் வேண்டும். இவை தீய பழக்கங்கள் அல்லவே.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும். முதல் ஆறு மாதம் இரவல் கருவியிலோ மலிவான கருவியிலோ தினமும் அரைமணி நேரம் பழகுங்கள். கடிகாரத்தின் டிக் டிக் ஒலிக்குச் சரியாக ஒரே சுரத்தை ஐந்து நிமிடம் பிசகாமல் வாசிக்க வந்துவிட்டதா? அப்போது வீட்டில் போய்க் கேளுங்கள். என்ன வாங்கவேண்டும், ஏன் வாங்கவேண்டும், எதை வாங்க வேண்டாம் என்று விவரமாகச் சொல்லுங்கள். விவரம் தெரிந்து கேட்கும் பிள்ளைக்கு, விவரம் தெரிந்த பெற்றோர் காது கொடுப்பார்கள்.